முதல் வகுப்பு எரிபொருள்

மனிதகுலம் தீயைக் கண்டறிந்த நாளுக்குப் பிறகு எரிபொருளின் வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய சம்பவம், எங்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் குடியிருப்பின் சி பிளாக் இரண்டாம் மாடியில்தான் நிகழ்ந்தது. இதை நாங்கள் சொல்லவில்லை, ஆலை முகப்பில் பதித்திருக்கும் சலவைக்கல் சொல்கிறது. கல்லில் பொது மேலாளரின் பெயரும் பட்டங்களும் பொறித்தது போக மிச்ச இடம், சம்பவம் இன்னதென்று எழுதப் போதவில்லை. ஆகவே இங்கே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் ஏப்பம் விட்டார், அது தீப்பிடித்தது.

அந்த மனிதரை எல்லோரும் பாட்டில் என்றுதான் கூப்பிட்டார்கள். குடிக்கிறவர் அல்ல. ஆலையில் மாதிரி எடுப்பது அவர் வேலை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி மேலே போகும் இரும்புப் படியில் ஏறி, உச்சியில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, கனத்த பாட்டிலொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, மேல்மட்டத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று மொண்டு ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். கச்சா எண்ணெய் ஒரு பொருளே அல்ல, அது ஒரு கூட்டுக் குடும்பம் என்று மனைவியிடம் சொல்வார். குளிர்ந்து கிடக்கும் வரை எல்லோரும் ஒரே கறுப்பு. ஆலையின் வடிப்புக் கோபுரத்தின் அடியில் வைத்துக் காய்ச்சினால்தான் யார் யாரென்று தெரியும். நாலைந்து கரியணுவை மட்டும் கோத்துக்கொண்ட குட்டைச் சங்கிலிக்காரர்கள் லேசாகச் சூடு பட்டதுமே உச்சிக்குப் பறந்துவிடுவார்கள், அவர்கள் வாயுவாகவும் பெட்ரோலாகவும் பேர் வாங்குவார்கள். அதற்குக் கீழ்த் தட்டில் மண்ணெண்ணெய், அதற்கும் கீழே டீசல். நீண்ட நீண்ட சங்கிலிக்காரர்கள் எவ்வளவு சூடு வைத்தாலும் எங்கேயும் போகாமல் அடியிலேயே கிடப்பார்கள், அவர்கள்தான் தார், அவர்கள் மேல்தான் மற்ற எல்லோரும் வண்டி ஓட்டுகிறார்கள். அவர் மனைவி மூத்த மருமகளாக மூன்று வருடம் மாமியார் வீட்டில் இருந்தவள். "அடியில கிடக்கிறது யாருன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்பாள்.

மூடியைத் திறந்ததும் முகத்தைத் தள்ளி வைக்க வேண்டும், முகரக் கூடாது என்று தொட்டிக்குத் தொட்டி பலகை இருந்தது. பலகைகளை எழுதியவர் பாதுகாப்பு அதிகாரி. உயரம் என்றால் தலைசுற்றும் என்பதால் அவர் எந்தத் தொட்டியிலும் ஏறியதில்லை. உச்சியில் பார்க்க ஆளில்லாததால் பாட்டில் தினமும் முகர்ந்தார், அதுவும் ஆசையாக, காலையில் பெட்ரோல், மத்தியானம் நாப்தா, மாலையில் மண்ணெண்ணெய் என்று. இருபது வருடத்துக்கு மேல் முகர்ந்ததில் சரக்கு உள்ளே தங்கிவிட்டது. முதலில் கொசு கடிப்பது நின்றது. பிறகு அவர் உட்கார்ந்தெழுந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மெத்தென்று ஆயின. குளித்தால் தண்ணீர் மேலில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஓடிய தண்ணீரில் ஏழு நிறமும் நெளிந்தன. கீழ் வீட்டுக்காரர் சாக்கடையில் வானவில் போவதைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்து, "அண்ணே, கொண்டுவர்றதுதான் கொண்டுவர்றீங்க, வண்டிக்கு ஒரு லிட்டர் குடுத்தா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டார். இல்லையென்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, மனைவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, பாட்டில் சமையலறை வாசலில் வந்து நின்று டீ கேட்பதற்காக வாயைத் திறந்தார். டீ என்ற சொல்லுக்குப் பதிலாக ஏப்பம் வந்தது. அது பெருவிரல் நீளத்துக்கு நீலமாக, புகையே இல்லாமல், மிகச் சுத்தமாக எரிந்து, மனைவியின் நெற்றி முடியைச் சுருட்டிவிட்டு அணைந்தது.

"மன்னிச்சுக்க," என்றார் பாட்டில்.

"இந்த வித்தையெல்லாம் உங்க ஆபீஸ்ல காட்டுங்க, புரமோஷன் குடுப்பாங்க," என்றாள் மனைவி. டீயைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் முடியைக் கத்தரித்தாள். அந்த வீட்டில் அவர் சூடாகக் குடித்த கடைசி டீ அதுவென்று இருவருக்குமே அப்போது தெரியாது.

ஆய்வகத் தலைவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். மருத்துவர் அல்ல, காய்ச்சல் என்று போனால் வெப்பமானியை மட்டும் பிசகாமல் படித்துச் சொல்வார். செய்தி காதில் விழுந்ததும் அவர் பாட்டிலை வரவழைத்து உட்காரவைத்து, தீப்பற்றுநிலை பார்க்க வேண்டும் என்றார். ஓர் எண்ணெய் எந்த வெப்பத்தில் பற்றும் என்பதைக் கண்டுபிடிக்க அங்கே இரண்டு விதமான பித்தளைக் கிண்ணங்கள் உண்டு. மூடிய கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிச் சூடாக்கி, அவ்வப்போது மூடியிலுள்ள சின்னக் கதவைத் திறந்து, ஊசிமுனைச் சுடரைக் காட்டிப் பார்ப்பார்கள். ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே சேர்வதால் சீக்கிரம் பளிச்சென்று பற்றும். திறந்த கிண்ணத்தில் வருகிற ஆவியைக் காற்று அவ்வப்போது அள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் லேசில் பற்றாது. ஆய்வகத்தில் தரை துடைப்பவர் உட்பட எல்லோரும் அறிந்த விஷயம்தான். வண்டியேற்றி ஊர் ஊராக அனுப்புகிற சரக்கை மூடிய கிண்ணத்தில் சோதிக்க வேண்டும், தார் மாதிரி இருந்த இடத்தில் இருக்கிற சரக்குக்குத் திறந்த கிண்ணம் போதும் என்பது விதி.

"இவர் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறாரா?" என்று டாக்டர் உதவியாளரைக் கேட்டார்.

"தினம் கம்பெனி பஸ்லதான சார் வர்றாரு."

"அப்ப மூடிய கிண்ணம்."

ஓர் ஆள் கொள்ளும் கிண்ணம் இல்லாததால் பழைய சாமான் அறையைக் காலி செய்தார்கள். ஜன்னல்களை ஒட்டுநாடா போட்டு அடைத்தார்கள், கதவிடுக்கில் ரப்பர் வைத்தார்கள். பாட்டிலை உள்ளே முக்காலியில் உட்காரவைத்து, வெளியிலிருந்து சுவரைச் சூடாக்கி, கதவில் போட்ட துளை வழியாக நீளக் கம்பியின் நுனியில் சுடரை நீட்டினார்கள். பாட்டிலுக்கு உள்ளே பயமாக இருந்தது. பயத்தில் அவர் வேகமாக மூச்சுவிட்டார். சாதாரண அறை வெப்பத்தைத் தாண்டுவதற்குள் அறை முழுவதும் ஒரு நீல மின்னல் ஓடி அவரது இரண்டு புருவங்களையும் கொண்டுபோனது. டாக்டர் கைதட்டினார். பெட்ரோலுக்கு உள்ள அதே வகுப்பு பாட்டிலுக்கும் கிடைத்தது, முதல் வகுப்பு. ஆலை தொடங்கிய நாளிலிருந்து மாதிரி எடுக்கிற பிரிவில் எவருக்கும் முதல் வகுப்பு எதிலும் கிடைத்ததில்லை என்பதால், வெளியே வந்தபோது நண்பர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே பாதுகாப்பு அதிகாரி சங்கிலியுடன் வந்தார். எண்ணெய் ஏற்றிய லாரிகளின் பின்னால் தரையில் உரசிக்கொண்டு ஒரு சங்கிலி தொங்குமே, வண்டியில் சேரும் மின்சாரத்தைப் பொறியாக விடாமல் மண்ணுக்குள் இறக்கிவிட, அதே சங்கிலிதான், கொஞ்சம் மெல்லியது.

"நான் என்ன லாரியா சார்?"

"உள்ள என்ன இருக்கு, பெட்ரோல்தான? அப்ப நீங்க யாரு? நீங்களே சொல்லுங்க."

பாட்டில் சொல்வதற்குள் அதிகாரி சங்கிலியை அவர் இடுப்பில் மாட்டிப் பூட்டிவிட்டார். வீட்டுக் கதவில் சிவப்புப் பலகை ஏறியது. வீட்டிலிருந்த அடுப்பு இறங்கியது. போட்டு அணைக்கிற விளக்குகளைக் கழற்றிவிட்டு, பொறி வராத கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றை எப்போதும் எரியும்படி மாட்டினார்கள். ஆவி வெளியேறிப் பக்கத்து வீடுகளுக்குப் போகாமலிருக்க ஜன்னல்களை இறுகச் சாத்தி, கண்ணாடியை மட்டும் விட்டுச் சட்ட இடுக்குகளின் மேலேயே வண்ணம் அடித்துவிட்டார்கள். சூடான எந்தப் பொருளும் அவரை நெருங்கக் கூடாது, உணவு உட்பட, என்று கடைசி விதி சொன்னது. வேலையும் மாறியது. எரியக்கூடியவரைத் தொட்டி மேல் ஏற்ற முடியாதென்று, ஆலையின் கடைக்கோடியில் ஓர் அறை கொடுத்து, அங்கே ஒரு மேஜை போட்டு, மேஜையில் எதையும் வைக்காமல் விட்டார்கள்.

அடுப்பில்லாத வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? மனைவி எதிரே டி பிளாக்கில் இருந்த தன் அக்கா வீட்டில் போய்ச் சமைத்தாள். முதலில் சமைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு அவள் உடையில் ஒட்டியிருந்த அடுப்புச் சூட்டைக் காரணம் காட்டி, ஆறிய பிறகுதான் மாடியேற வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி சொன்னார். படியடியில் நின்று ஆறிக்கொண்டிருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது, போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன ஏதென்று கேட்டார்கள். கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருடமாக நீண்டது. அக்கா வீட்டுக் கூடத்தில், எல்லோரும் படுத்த பிறகு படுத்து எல்லோரும் எழுவதற்கு முன் எழுந்து, தன் பாயைத் தானே சுருட்டி ஒளித்து வைத்து அவள் அந்த ஒன்பது வருடத்தையும் கழித்தாள்.

சாப்பாட்டு அடுக்கைக் கொண்டுவந்து கொடுத்தவர் அக்கா புருஷன், பாட்டிலுக்குச் சகலை. அவர் வாயில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும், சி பிளாக் படியருகே வந்ததும் அதை அணைத்துக் காதில் செருகிக்கொள்வார். அடுக்கைப் படியில் வைத்து, கைகாட்டி மரம் மாதிரி உள்ளங்கையை அதன் மேல் நீட்டி, சூடு போனதை உறுதிசெய்துகொண்ட பிறகே குரல் கொடுப்பார்.

"சகலை! ஆறிப்போச்சு, வந்து எடுத்துக்குங்க!"

"உள்ள வாங்களேன், சகலை. ஒரு ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க."

"வரலாம்தான். நான் காதுல சிகரெட்டு வச்சிருக்கேன், நீங்க வாயில பெட்ரோல் வச்சிருக்கீங்க. நம்ம ரெண்டு பேரும் போயிட்டா அக்கா தங்கச்சி என்ன பண்ணும்?"

சகலை கெட்டவரில்லை. பண்டிகை, விடுமுறை நாட்களில் இரண்டு முறை குரல் கொடுப்பார்.

சங்கிலிச் சத்தம் கேட்டால் எங்கள் குடியிருப்பில் அடுப்புகள் அணைந்தன. வாசல் காவலாளி பாதி இழுத்த பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, பீடி போன கோபத்தை முகத்தில் வைத்துக்கொண்டு வணக்கம் சொல்வார். சீட்டாடுகிறவர்கள் ஆட்டத்தைக் கலைக்காமல் அப்படியே பாயோடு தூக்கிக்கொண்டு நகர்ந்துபோனார்கள். முடிதிருத்துகிறவர் மின்சார மெஷினை மூடிவைத்து, கையை எட்டும் வரை நீட்டிக் கத்தரிக்கோலால் வெட்டினார், அதனால் பாட்டிலின் பின்னந்தலை கடைசிவரை படிக்கட்டாகவே இருந்தது. குறைசொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மாதத்தில் பாட்டிலைத் தொட்ட ஒரே ஆள் முடிதிருத்துகிறவர்தான்.

வருடா வருடம் புருவம் முளைத்ததும் சாமான் அறையில் மறுசோதனை நடந்தது. வருடா வருடம் அவர் பற்றும் வெப்ப அளவு இறங்கியது. உள்ளே கரியணுச் சங்கிலிகள் உடைந்து இவர் மேலும் மேலும் லேசாகி ஆவியாகிறார் என்று டாக்டர் கட்டுரை எழுதினார். அதை அவரே வாசித்துக் கேட்டு, அவரே பாராட்டினார். அது உண்மைதான் என்று சொல்ல இடமிருந்தது. சாத்திய வீட்டில் பாட்டில் விட்ட மூச்சு எங்கேயும் போகவில்லை. காற்றைவிடக் கனமென்பதால் அது தரையில் படிந்து, முதல் வருடம் கணுக்கால் அளவும், ஐந்தாம் வருடம் முழங்கால் அளவும் தேங்கியது. நடந்தால் விலகி, பின்னால் மூடிக்கொண்டது. அதில் இறங்கிய எறும்புகள் வரிசை கலைந்து, ஒன்றோடொன்று மோதி, அங்கேயே தூங்கின. பாட்டில் கட்டிலில் கால்களைத் தூக்கிவைத்து உட்கார்ந்துகொள்வார். பேச ஆளில்லாததால் தனக்குத்தானே பேசினார். பிறகு கட்டிலிடம் பேசினார். பேசியதெல்லாம் ஆவியாகக் கீழிறங்கி மற்றதோடு சேர்ந்தது.

மாலையில் மட்டும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் அவருடைய ஜன்னலுக்கு நேராக இருந்தது. சமையல் முடிந்ததும் மனைவி அடுப்பின் திருகைக் கடைசியாக ஒருமுறை முழுக்கத் திறப்பாள், நீல வளையம் ஓங்கி எழும், பிறகு அணைப்பாள். அதற்கு நாங்கள் யாரும் அர்த்தம் கேட்டதில்லை. எரிவாயு வீணாகிறதென்று அக்கா மட்டும் முணுமுணுப்பாள். பாட்டிலிடம் பதிலுக்குக் காட்ட எந்தச் சுடரும் இல்லை. அவர் ஜன்னல் கண்ணாடியில் ஹா என்று ஊதுவார். மூச்சிலிருந்த எண்ணெய் படிந்து, சாயும் வெயிலில் ஒரு சாண் வானவில் தெரியும். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள். மழைக்காலத்தில் வெயில் இராது, ஆனாலும் ஊதுவார்.

ஆலை தொடங்கி ஐம்பதாவது ஆண்டு வந்தது. பொது மேலாளருக்கு ஓய்வுபெறும் ஆண்டும் அதுதான். எதையாவது திறந்துவைக்காமல் போகக் கூடாதென்று அவர் யோசித்தபோது, திறப்பதற்குப் பாட்டிலின் வாய் இருப்பது நினைவுக்கு வந்தது. விழா மேடையில் பாட்டில் ஒரே மூச்சில் பெரிய தீப்பந்தத்தை ஏற்றுவார், உலகம் வியக்கும் என்று முடிவானது. சலவைக்கல் முன்கூட்டியே பொறிக்கப்பட்டது. பெரிய மைதானத்தில், மூன்று பக்கமும் சுவரில்லாத மேடையில், நல்ல காற்றில், குடியிருப்பு முழுவதும் கூடியது. தீயணைப்பு வண்டிகள் இரண்டு குழாயை நீட்டிக் காத்திருந்தன. பாட்டிலுக்குப் புதுச் சட்டை கொடுத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். பொது மேலாளர், நிலத்தடியில் கோடி ஆண்டுகள் அழுந்திக் கிடந்த நுண்ணுயிர்கள் எல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் எண்ணெயாகிக் காத்திருந்தன என்ற பொருள்படப் பேசினார். பேச்சு நீண்டு, குழந்தைகள் மண்ணில் விளையாடத் தொடங்கிய பிறகு, டாக்டர் நீளக் கம்பியின் நுனியில் சிறு சுடரை ஏந்தி வந்தார்.

பாட்டில் ஊதினார். எதுவும் பற்றவில்லை. டாக்டர் ஓர் அடி முன்னால் வந்தார். பாட்டில் இருமினார், பெருமூச்சுவிட்டார், சோடா வரவழைத்துக் குடித்து ஏப்பமும் விட்டார். காற்று அதையெல்லாம் ஊர்ப்பக்கம் கொண்டுபோனது. கடைசியில் டாக்டர் சுடரை அவர் மூக்கருகிலேயே கொண்டுபோய்ப் பிடிக்க, பாட்டில் தும்மினார். சுடர் அணைந்தது.

"சரக்குல கலப்படம்!" என்றார் டாக்டர். ஒலிபெருக்கி அருகில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பாட்டிலின் மனைவி எழுந்து நின்றாள். உரக்கப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை, ஒன்பது வருடம் அக்கா வீட்டில் இருந்ததில் இருந்த குரலும் சிறுத்திருந்தது. இருந்தாலும் முன்வரிசை வரை கேட்டது.

"இங்க காத்தடிக்குது, பத்தல. ஒரு மனுஷனைப் பூட்டி வச்சு, சுத்தியும் சூடு வச்சா, யாருதான் பத்தமாட்டாங்க? உங்களை வச்சுப் பாருங்களேன்!"

பதில் சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். திறந்த கிண்ணம் ஆய்வக அலமாரியில், தார்க் கறையோடு, அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் இருப்பது அப்போது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். பொது மேலாளர் நேரமாகிவிட்டதைக் கவனித்துத் திரையை இழுத்தார், சலவைக்கல் திறக்கப்பட்டது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்ததற்கு மைதானத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்தபோது அவள் மேடையருகே போய், சங்கிலியின் நுனியைத் தரையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் இருவரும் சி பிளாக்குக்கு நடந்தார்கள். சத்தம் வராததால் வழியில் யாரும் அடுப்பை அணைக்கவில்லை. வீட்டில் அவள் முதலில் ஜன்னல்களிடம் போனாள். வண்ணம் இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பி ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, வாசற்கதவையும் அகலத் திறந்து செங்கல் வைத்தாள். தேங்கிக் கிடந்த ஒன்பது வருட மூச்சு, அசைந்து, புரண்டு, வாசலைக் கண்டுபிடித்தது. படிப்படியாக இறங்கி, கீழ் வீட்டைத் தாண்டி, தெருவில் ஏழு நிறமாக முழங்காலுயரத்துக்கு ஓடியது. அது போன வழியில் நாய்கள் கால் பின்னிப் படுத்தன. கட்டிலிடம் அவர் பேசியதெல்லாம் அதில் இருந்ததால் தெருவில் நின்றவர்களுக்குக் கணுக்காலருகே முணுமுணுப்பாகக் கேட்டது. இன்றைக்குச் சாப்பாட்டில் உப்பில்லை, நல்ல மழை, அவளுக்குச் சளி பிடித்திருக்கிறதா, இருமுகிற மாதிரி தெரிந்ததே, என்பது போன்ற சாதாரண விஷயங்கள்தான். சகலை சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, அது கடந்து போகும் வரை ஒற்றைக் காலில் நின்றார். மதிலைத் தாண்டி அது வயல்வெளிப் பக்கம் போய்க் காற்றோடு கலந்தது.

பிறகு அவள் அக்கா வீட்டிலிருந்து அடுப்பைத் தூக்கி வந்தாள். பழைய இடத்தில் வைத்து, குழாயை மாட்டி, தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினாள். பாட்டில் படிவரை பின்வாங்கியிருந்தார்.

"இங்க வந்து நில்லுங்க."

"வேணாம். எனக்காகப் பாக்காத. நான் இப்படியே பழகிட்டேன்."

"எனக்குப் பழகல," என்றாள். "வந்து நில்லுங்க. அன்னிக்கு நின்ன இடத்துல."

அவர் சமையலறை வாசலில் வந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் தீக்குச்சியை உரசினாள். எதிர்வீட்டில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பில் நீல வளையம் எழுந்தது. வேறெதுவும் எரியவில்லை. மூச்சைப் பிடித்திருக்க முடியாமல் பாட்டில் "அப்பாடா" என்றபோது அந்தச் சொல்லின் ஓரத்தில் மட்டும் மெலிதாக நீலம் ஓடி அணைந்தது. இன்றும் அடுப்பருகே நின்று பேசினால் அவர் சொற்களுக்கு அந்தக் கரை உண்டு. சங்கிலியைப் பாதுகாப்பு அதிகாரி ரசீது கேட்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் கோடை, மழை எதற்கும் ஜன்னல் சாத்துவதில்லை, கதவில் இருந்த சிவப்புப் பலகையைக் கீழ் வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக்குக் கதவாக வாங்கிப்போனார். எங்களுக்கும் இது பழகிவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம், குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம்.

அன்று மாலை அவள் டீ போட்டாள். ஆவி பறக்கிற டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, அவள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருடம் ஆறியதையே தின்று ஆறியதையே குடித்த நாக்குக்குச் சூடு ஆகவில்லை, இன்றுவரை ஆகவில்லை. தினமும் டம்ளரை வாங்கி, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போனதும் ஜன்னல் திட்டில் திரைக்குப் பின்னால் வைக்கிறார். ஆறி ஏடு படிந்த பிறகு எடுத்துக் குடிக்கிறார். ஏடு மீசையில் ஒட்டிக்கொள்கிறது.